அணுக்கழிவு ஆராய்ச்சிக்கு நம் வரிப்பணம் எதற்கு?

சேலத்தில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "2025 பட்ஜெட்டில் சிறிய அணு உலைகளுக்கு 20,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள். உலையிலிருந்து வரும் கழிவை என்ன செய்வது, வயசான உலையைப் பிரித்து எப்படி அகற்றுவது என்று ஆராய எவ்வளவு போகிறது? அதை அரசு ஏன் செலவழிக்க வேண்டும், கரண்டு விற்கிறவர்களே பார்த்துக்கொள்ளட்டுமே? இன்னொன்று, ஏற்காட்டுப் பாறை ரொம்பப் பழைய பாறை, அதனால் கழிவை ஒருநாள் இங்கேதான் கொண்டுவந்து புதைப்பார்கள் என்று என் மாமா சொல்கிறார், நிஜமா?"

தம்பி, மாமாவின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பயத்தில் வந்த கேள்வியைக் காக்க வைக்கக் கூடாது. சேர்வராயன் மலையில் கழிவைப் புதைக்கும் திட்டம் என்று எதுவும் அறிவிக்கப்பட்டதில்லை. பாறை பழையது என்று அவர் சொல்வது சரி, சார்னோகைட் என்கிற அந்தப் பாறைக்குச் சுமார் 250 கோடி வருஷ வயது. ஆனால் வயது மட்டும் போதாது. பாறை வெடிப்புக்குள் தண்ணீர் எங்கே நுழைகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது, எங்கே வெளியே வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. திருமணிமுத்தாறு இறங்கி வருகிற மலை அது. மழை நின்று பல நாள் ஆன பிறகும் கொண்டை ஊசி வளைவுகளில் பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் கசிவதை மாமாவே பார்த்திருப்பார். அவருக்கு அந்தச் சந்தேகம் வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

எவ்வளவு போகிறது என்றால், அணுசக்தித் துறைக்கு மத்திய பட்ஜெட்டில் வருஷத்துக்குச் சுமார் 25,000 கோடி ரூபாய் வருகிறது. அது பாபா அணு ஆராய்ச்சி மையம், கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்று நிலையங்களின் பெயரில் மொத்த மொத்தமாக இறங்கும். கழிவு ஆராய்ச்சி அந்த மொத்தத்துக்குள் கலந்து கிடக்கும். சர்வதேச எரிசக்தி முகமை தன் உறுப்பு நாடுகளின் அரசு ஆராய்ச்சிச் செலவைக் கணக்கெடுக்கும்போது அணுக்கழிவுக்கு ஒரு கணக்குத் தலைப்பு, டிகமிஷனிங்குக்கு ஒரு கணக்குத் தலைப்பு என்று தனித்தனியாக வைத்திருக்கிறது. டிகமிஷனிங் என்றால் உலையை நிறுத்தி, எரிபொருளை எடுத்து, கட்டடத்தைப் பிரித்து, இடத்தைச் சுத்தமாக்கி ஒப்படைப்பது வரைக்கும் உள்ள மொத்த வேலை. நமக்கும் அப்படி ஒரு தனித் தலைப்பு வேண்டும், உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே அதில் பணம் விழ வேண்டும். நான் சொல்ல வருவது இதைத்தான்.

எனக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். எங்கள் வீடு செவ்வாய்ப்பேட்டையில். அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். சாயங்காலம் பட்டறையைப் பெருக்குவது என் வேலை. அந்தக் குப்பையை யாரும் தெருவில் கொட்ட மாட்டார்கள். அரத்தூள், அடுப்புக் கரி, உட்கார்ந்த கோணிப்பையின் நூல், கை கழுவுகிற தொட்டியின் அடி மண்டி வரைக்கும் ஒரு டின்னில் சேரும். டின் நிறைந்ததும் எரித்து, சாம்பலை மூசையில் போட்டு, வெங்காரம் தூவி உருக்குவார்கள். வெங்காரம் உருகித் தேன் மாதிரி மேலே நிற்கும், அழுக்கெல்லாம் அதற்குள் போய்விடும், வெள்ளி அடியில் தனியாக உட்காரும். ஆறியதும் மேலே இருக்கிற அந்தக் கறுத்த கண்ணாடிக் கட்டியை அப்பா சுத்தியலால் லேசாகத் தட்டுவார், கழன்று விழும். இன்னும் சுத்தம் வேண்டுமென்றால் நைட்ரிக் திராவகத்தில் கரைப்பார்கள். பழுப்புப் புகை கிளம்பும், அதில் செப்புத் தகட்டைப் போட்டால் வெள்ளி தூளாக இறங்கும், மிச்சம் நீலமாக ஒரு தண்ணீர். அந்த நீலத் தண்ணீரைப் பட்டறைக்குப் பின்னால் ஊற்றினார்கள், பத்துப் பன்னிரண்டு வருஷம் ஊற்றினார்கள். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனபோது அப்பா பட்டறையை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார், கிணறு அப்படியே கிடந்தது. வெள்ளியை ஒரு குன்றிமணி கூட விடாமல் எப்படி எடுப்பது என்பதில் மூன்று தலைமுறை அறிவு இருந்தது. நீலத் தண்ணீரை என்ன செய்வது என்று யோசிக்க யாரும் யாருக்கும் ஒரு நாள் கூலி கூடக் கொடுத்ததில்லை.

பிற்பாடு நான் வேதியியல் படித்து, அணுசக்தித் துறையிலேயே கழிவுப் பக்கம் 27 வருஷம் வேலை பார்த்தேன். முதல் வாரமே எனக்குப் பட்டறை ஞாபகம் வந்துவிட்டது. உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருளை வெட்டி நைட்ரிக் அமிலத்தில்தான் கரைக்கிறார்கள். அதிலிருந்து டிரைபியூட்டைல் பாஸ்பேட் கலந்த எண்ணெய் யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்து எடுத்துக்கொள்கிறது, அது வெள்ளி. மிச்சமாகும் அமிலத்தில் சீசியம், ஸ்ட்ரான்ஷியம் இன்னும் என்னென்னவோ இருக்கின்றன, அது நீலத் தண்ணீர். உலக அளவில் பார்த்தால் உயர்நிலைக் கழிவு என்கிற இந்த வகை மொத்த அணுக்கழிவின் அளவில் சுமார் 3 சதவீதம்தான், ஆனால் மொத்தக் கதிரியக்கத்தில் சுமார் 95 சதவீதம் இதற்குள் இருக்கிறது. இதைக் கண்ணாடியாக்குகிறார்கள். மணலும் போரானும் மற்ற சேர்மானமும் கலந்து சுமார் 1000 டிகிரியில் உருக்கி எஃகு உருளையில் ஊற்றுவார்கள். வெங்காரத்தில் இருக்கிறதே, அதே போரான். அப்பா மூசையில் பண்ணினதும் கிட்டத்தட்ட அதுதான், அழுக்கைக் கண்ணாடிக்குள் பூட்டுவது. டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் மூன்று இடத்திலும் இந்த வேலைக்கு நம் ஆட்கள் ஆலை கட்டியிருக்கிறார்கள். இந்தத் தொழில்நுட்பம் கையில் இருக்கிற நாடுகள் சில மட்டுமே. அதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிரும்.

ஆராய்ச்சிக்குப் போட்ட பணம் என்ன ஆகிறது என்பதற்கு அங்கிருந்தே ஒரு உதாரணம். கழிவிலிருந்து சீசியம்-137ஐத் தனியாகப் பிரித்து, கண்ணாடிப் பென்சில்களாக வார்த்து, ரத்தத்துக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் கருவிகளுக்கு அனுப்புகிற அளவுக்கு பாபா மையம் வந்திருக்கிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிகளுக்கு ஏற்றுகிற ரத்தத்தை அப்படிக் கதிர்வீச்சு கொடுத்துத்தான் ஏற்ற வேண்டும். இன்னொரு லாபமும் உண்டு. சீசியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 30 வருஷம், அப்படியானால் 300 வருஷத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகும். புளூட்டோனியம்-239க்கு 24,000 வருஷம். சூடு தருகிறதையும் நெடுநாள் நிற்கிறதையும் வேறு வேறாகப் பிரிக்க முடிந்தால், கண்ணாடியை எவ்வளவு இடம் விட்டு, எத்தனை நாள் ஆறவிட்டுப் புதைப்பது என்ற கணக்கே மாறிவிடும். பத்து வருஷம் ஒரே கரைப்பானுடன் மல்லாடினவர்கள் செய்த வேலை இது, ஒரு டெண்டர் விட்டு வாங்கிவிட முடியாது.

சரி, கரண்டு விற்கிறவர்கள் கொடுக்கட்டும் என்கிறீர்கள். கொடுக்கத்தான் வேண்டும், கொடுத்துக்கொண்டும் இருக்கிறார்கள், ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். இந்தியாவில் அணுமின்சாரக் கட்டணத்தில் டிகமிஷனிங்குக்கு என்று யூனிட்டுக்கு 2 பைசா வசூலிக்கிறார்கள். கல்பாக்கத்தில் இருப்பது மாதிரி 220 மெகாவாட் உலை ஒன்று 80 சதவீதத் திறனில் ஓடினால் வருஷத்துக்குச் சுமார் 154 கோடி யூனிட். இரண்டு பைசா வீதம் மூன்று கோடி ரூபாய் சொச்சம். 40 வருஷத்துக்கு 123 கோடி, வட்டி சேர்த்தால் கூடும். அமெரிக்காவில் மெய்ன் யாங்கி என்ற சுமார் 900 மெகாவாட் உலையை 1997இலிருந்து 2005 வரை பிரித்து அகற்றினார்கள், 50 கோடி டாலருக்கு மேல் ஆயிற்று, அப்புறமும் எரிபொருள் அந்த இடத்திலேயே கான்கிரீட் பெட்டிகளில் நிற்கிறது. நம் உலை சின்னது, நம் கூலி குறைவு, எல்லாம் சரி. ஆனாலும் கால்வாசி உலைக்குக் கால்வாசிச் செலவு என்று இந்த வேலையில் கணக்குப் போட முடியாது, வேலி ஒன்றுதான், பாதுகாப்பு ஒன்றுதான், ரோபோவும் ஒன்றுதான் வேண்டும். தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012இல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தைப் பற்றிக் கொடுத்த அறிக்கையில், 30 வருஷம் ஓடின உலைக்குக் கூட டிகமிஷனிங் திட்டம் தயாராக இல்லை என்று எழுதினார். ராஜஸ்தானில் ராவத்பாட்டா முதல் உலை 2004இலிருந்து ஓடவே இல்லை.

கம்பெனி கணக்கில் விட்டால் போதாது என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணம் காலம். எந்தக் கம்பெனியும் 300 வருஷம் உயிரோடு இருப்பதாக எழுதிக் கொடுக்க முடியாது. ஜெர்மனியில் 2017இல் அணுமின் கம்பெனிகள் சுமார் 2,400 கோடி யூரோவை அரசு நிதியத்தில் கட்டிவிட்டுக் கழிவைச் சேமித்துப் புதைக்கும் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டன. அந்தப் பணம் பற்றவில்லை என்றால் மிச்சம் மக்கள் தலையில்தான். இங்கே இதுவரை உலை நடத்துவது அரசு நிறுவனம், 2025 பட்ஜெட் உரையில் தனியாருக்கு வழிவிடச் சட்டத்தைத் திருத்துவோம் என்று சொன்னார்கள். தனியார் வந்தால் அவர்களிடம் என்ன தரம் கேட்பது, எவ்வளவு பணம் கட்டச் சொல்வது என்று தெரிய வேண்டும் அல்லவா? அதைச் சொல்லும் அறிவு அரசின் கையில், அரசின் ஆய்வுக்கூடத்தில் இருந்தால்தான் கேட்க முடியும்.

செலவழிக்காமல் விட்டதால் என்ன ஆனது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன், நீங்கள் வேதியியல் என்பதால் உங்களுக்கு உடனே புரியும். அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் பூமிக்கு 650 மீட்டர் அடியில் உப்புப் படிவத்துக்குள் ஒரு கழிவுக் கிடங்கு இருக்கிறது, ஆயுதத் தயாரிப்பில் வந்த கழிவுக்காக 1999இல் திறந்தது. லாஸ் அலமோஸ் அணு ஆயுத ஆய்வகத்திலிருந்து வந்த பீப்பாய்களில் நைட்ரேட் உப்பு இருந்தது. ஈரத்தை உறிஞ்ச அதனோடு பூனைக் கழிவுக்குப் போடுகிற தூளைக் கலப்பது வழக்கம், அது களிமண் வகை. ஒரு கட்டத்தில் அதை மாற்றி கோதுமையில் செய்த தூளைக் கலந்துவிட்டார்கள். நைட்ரேட்டும் மாவும்! 2014 பிப்ரவரி 14 அன்று ஒரு பீப்பாய் சூடேறி வெடித்தது, கதிரியக்கம் மேலே வரைக்கும் வந்தது, கிடங்கைக் கிட்டத்தட்ட மூன்று வருஷம் மூடி வைத்தார்கள். ஒரு பீப்பாயின் வேதியியலை ஒரு ஆள் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்திருந்தால் போதும். அந்த ஒரு வாரச் சம்பளத்தைத்தான் நாம் ஆராய்ச்சிச் செலவு என்கிறோம்.

ஆராய்ச்சி என்று பெயர் வைத்தால் மட்டும் ஆராய்ச்சி ஆகிவிடாது, அதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஆஸ்ஸே என்ற பழைய உப்புச் சுரங்கத்தில் 1967இலிருந்து 1978 வரை ஆராய்ச்சி என்ற பெயரில் சுமார் 1,26,000 பீப்பாய்களை இறக்கினார்கள். இன்று அந்தச் சுரங்கத்துக்குள் நாளுக்குச் சுமார் 12,000 லிட்டர் தண்ணீர் இறங்குகிறது, எல்லாப் பீப்பாயையும் திரும்ப மேலே எடுக்க வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். எடுப்பதற்கு ஆகும் செலவில், போடுவதற்கு முன்னால் எத்தனை வருஷம் ஒழுங்காக ஆராய்ந்திருக்கலாம்! அமெரிக்காவில் கழிவுக் கிடங்குக்காக 1983இலிருந்து அணுமின்சார யூனிட்டுக்கு 0.1 சென்ட் வசூலித்து 4,000 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. ஆனால் 1987இல் மற்ற இடங்களின் ஆய்வை நிறுத்தி நெவாடாவில் இருக்கிற யுக்கா மலையை மட்டும் பாருங்கள் என்று நாடாளுமன்றமே முடிவு கட்டியது. நெவாடா மக்கள் ஏற்கவில்லை, கிடங்கும் வரவில்லை, 2014இல் வசூலையும் நிறுத்தினார்கள்.

நடந்த இடங்களும் இருக்கின்றன. பின்லாந்தில் 2001இல் நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டு 2004இல் தோண்ட ஆரம்பித்த ஓன்கலோ என்கிற கழிவுக் கிடங்குச் சுரங்கம், 400 மீட்டருக்கும் ஆழத்தில், 2024 ஆகஸ்டில் சோதனை ஓட்டம் வரைக்கும் வந்துவிட்டது. அங்கே எனக்குப் பிடித்தது பணம் வருகிற வழி. அணுமின் கம்பெனிகளிடமிருந்து தீர்வையாக வாங்கி அரசு நிதியத்தில் போட்டு, அதிலிருந்து பல்கலைக்கழகங்களுக்கும் அரசு ஆய்வகங்களுக்கும் தனி ஆராய்ச்சித் திட்டமாகக் கொடுக்கிறார்கள், கம்பெனி சொல்வதைச் சரிபார்க்கும் ஆட்கள் கம்பெனிக்கு வெளியே வளர்கிறார்கள். சுவீடனில் இன்னும் ஒரு படி மேலே போய், கழிவு நிதியிலிருந்தே சுற்றுச்சூழல் அமைப்புகளுக்கும் பணம் கொடுத்து, குறை கண்டுபிடியுங்கள் என்றார்கள். கழிவை வைத்துப் புதைக்கிற செப்புக் குடுவை ஆக்ஸிஜன் இல்லாத தண்ணீரிலும் அரிக்குமா என்று ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் கிளப்பிய சந்தேகத்தை 2018இல் சுற்றுச்சூழல் நீதிமன்றம் எடுத்துக்கொண்டு, இதற்கு முதலில் பதில் கொண்டுவாருங்கள் என்றது. கூடுதல் ஆய்வு நடந்தது, 2022இல் அரசு அனுமதி கொடுத்தது. பிரான்சில் 1991இல் சட்டம் போட்டு, 15 வருஷம் ஆராயுங்கள், வருஷாவருஷம் ஒரு தனிக் குழு அதை மதிப்பிட்டு அறிக்கை கொடுக்கட்டும், முடிவு அப்புறம் என்றார்கள். அந்தச் சட்டம் மாதிரி ஒன்று நமக்கு வேண்டும் என்று நான் வேலையில் இருந்த காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது மாமாவின் பயத்துக்கு வருகிறேன். 1980களில் கோலார் தங்கச் சுரங்கத்தில் சுமார் 1000 மீட்டர் ஆழத்தில் நம் ஆட்கள் ஒரு நல்ல சோதனை செய்தார்கள். கழிவு எதுவும் கிடையாது, மின்சார ஹீட்டரைப் பாறைக்குள் வைத்து, கண்ணாடியின் சூட்டைப் பாறை எப்படித் தாங்குகிறது என்று வருஷக்கணக்கில் அளந்தார்கள். அதைப் பற்றி ஊர் மக்களிடம் உட்கார்ந்து பேசின மாதிரி தெரியவில்லை. 2012இல் கூடங்குளம் வழக்கின்போது கோலார் பெயர் செய்தியில் வந்ததும் அங்கே ஊரே திரண்டு போராடியது, அப்படி ஒரு திட்டமும் இல்லை என்று அரசு மறுக்க வேண்டி வந்தது. தேனியில் நியூட்ரினோ ஆய்வகத்தைப் பற்றியும் அணுக்கழிவு கொட்டப் போகிறார்கள் என்ற பேச்சு எவ்வளவு தூரம் ஓடியது என்று உங்களுக்குத் தெரியும். நியூட்ரினோ ஆய்வுக்கும் கழிவுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் மக்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கழிவு எங்கே போகப் போகிறது என்று யாரும் சொல்லாத நாட்டில், மலையைக் குடைகிற எந்த வேலையைப் பார்த்தாலும் அந்த எண்ணம் வரத்தான் செய்யும். 2013இல் கூடங்குளம் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே ஆழ்நிலக் கிடங்கைச் சீக்கிரம் அமைக்கச் சொன்னது. இந்த ஆராய்ச்சிக்கு இவ்வளவு பணம், இந்த இந்தப் பாறையைப் பார்க்கிறோம், இந்தப் பாறையை இந்தக் காரணத்துக்காகத் தள்ளிவிட்டோம் என்று வருஷத்துக்கு ஒரு அறிக்கை தமிழில் வந்தால் மாமா என்னிடம் கேட்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

உலை ஓடும்போதே என்று முதலில் சொன்னேனே, அதற்குக் காரணம் ஒரு டைரி. ஒரு பழைய நிலையத்தில், பெயர் வேண்டாம், ஒரு தொட்டியை அகற்றும் வேலைக்குத் திட்டம் போட்டோம். வரைபடத்தில் சுவருக்குள் இரண்டு குழாய், கதிர்வீச்சு மீட்டர் மூன்று இடத்தில் துடிக்கிறது. சுவரை உடைத்துப் பார்க்கலாம் என்றால் உள்ளே நிற்கிற ஆளுக்கு டோஸ் ஏறும். ஓய்வு பெற்ற பிட்டர் ஒருவரைத் தேடி அவர் வீட்டுக்குப் போனோம், எண்பதைத் தொட்டவர். கேட்டதும் பரணிலிருந்து ஒரு துணிப் பையை இறக்கச் சொன்னார். உள்ளே பாக்கெட் டைரிகள், பென்சிலில் தமிழில் எழுதியது. மூன்றாவது டைரியில், மழையில் பழைய குழாய் அடைத்துக்கொண்டதால் பக்கத்தில் ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று போட்டோம் என்று தேதியோடு இருந்தது, கை அளவில் ஒரு படமும். அந்த மூன்றாவது குழாய் எந்த அலுவலக ஆவணத்திலும் ஏறவே இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்து ஐந்து மாதத்தில் அவர் இறந்துவிட்டார். டிகமிஷனிங் ஆராய்ச்சி என்றால் ரோபோ, லேசர் என்று நினைக்கிறோம், அதெல்லாமும் வேண்டும், புகுஷிமாவில் உருகின எரிபொருளில் முதல் முதலாக 0.7 கிராம் எடுக்க 2024 நவம்பர் வரைக்கும் ஆயிற்று. ஆனால் இந்த மாதிரி டைரிகளைச் சேகரிப்பதும், அந்த ஆட்களை உட்கார வைத்துப் பேசிப் பதிவு செய்வதும், உலையின் கான்கிரீட்டிலிருந்து இப்போதே சாம்பிள் எடுத்து வைப்பதும் அதே ஆராய்ச்சிதான். இதற்குக் கோடிக்கணக்கில் தேவையில்லை, ஒரு தலைப்பும் நாலு ஆளும் போதும். அந்தத் தலைப்பு இல்லாததால்தான் நடக்கவில்லை.

கடைசியாக, எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு இந்தப் பக்கம் ஏதாவது செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். செய்யலாம், சேலத்திலேயே செய்யலாம். நான் சொன்ன அந்த நியூ மெக்சிகோ கிடங்கில் பீப்பாய் அடுக்குகளின் மேல் மெக்னீசியம் ஆக்சைடு மூட்டைகளை வைக்கிறார்கள், உள்ளே உருவாகும் கார்பன் டை ஆக்சைடை அது வாங்கிக்கொள்ளும். நம் சேலத்து வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட்டை, சூளையில் வறுத்தால் வருவதும் அதே மெக்னீசியம் ஆக்சைடுதான். அதை பாஸ்பேட்டுடன் சேர்த்தால் சீக்கிரம் இறுகுகிற ஒரு சிமெண்ட் கிடைக்கும், கழிவைக் கட்டி வைக்க அதைப் பல நாடுகளில் சோதிக்கிறார்கள். கதிரியக்கம் எதுவும் வேண்டாம், கடையில் வாங்குகிற சாதாரண சீசியம் குளோரைடு போதும், வேதியியல் ஒன்றுதான். வெவ்வேறு வெப்பத்தில் கல்லை வறுத்துக்கொள்ளுங்கள், வெப்பம் கூடக் கூட அது பாஸ்பேட்டுடன் சேரும் வேகம் குறையும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வில்லை வில்லையாக வார்த்து, 28 நாள் ஆறவிட்டு, தண்ணீரில் ஊறப் போட்டு, எவ்வளவு சீசியம் கசிகிறது என்று அளந்து பாருங்கள். கல்லை உடைப்பதற்கு முன்னால் எந்த இடத்திலிருந்து எடுத்தீர்கள் என்று தேதி போட்டு நோட்டில் எழுதிவிடுங்கள். முதல் வில்லை இறுகினதும் எனக்கு எழுதுங்கள், கசிவுக் கணக்கை எப்படிப் போடுவது என்று சொல்கிறேன்.